வண்டிக்கு ஒரு டிஷ்

ஜனவரி 19

நாமக்கல் பட்டறையில் வண்டி வேலை முடிந்தது. கட்டில், அடுப்பு, சின்ன கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. இருபத்திரண்டு வருடம் நான் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியோடு ஆந்திரா, சத்தீஸ்கர் என்று சுற்றினேன். மனைவி பூவாத்தாள் திருச்செங்கோட்டை விட்டு நகர்ந்ததில்லை. இப்போது இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் அவளால் பஸ்ஸில் உட்கார முடியாது. படுத்துக்கொண்டாவது நாலு ஊர் பார்க்கட்டும்.

கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "டிவி தெரியுமுங்களா? ஏழு மணி செய்தி தெரியாட்டி நான் வரலீங்க," என்றாள்.

எதற்கென்று தெரியும். சென்னையில் அந்தச் செய்தியை வாசிப்பது எங்கள் மகள் அகல்யா. அவளாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, மூன்று வருடமாக நான் அவளோடு பேசுவதில்லை. வீட்டிலும் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுகூட நான் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

போனில் பார் என்றேன். "அதுல மூஞ்சி கடுகாட்டந் தெரியுது."

ஜனவரி 22

டிஷ் மாட்டும் பிரபா வந்தார். வண்டிக் கூரையிலேயே போல்ட் போட்டு முடுக்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

"வண்டி எடத்துக்கு எடம் வேற பக்கம் பாத்து நிக்குமுங்ணா. டிஷ்ஷு தென்கிழக்கத்தான் அண்ணாந்து பாக்கோணும். தரையில வெக்கற ஸ்டாண்டு போட்டுத் தாரேன், நிறுத்துன எடத்துல நீங்களே திருப்பிக்கோங்க."

சிக்னல் வந்தால் கீச்சிடும் சின்ன மீட்டர் ஒன்றும் தந்தார்.

ஜனவரி 30, கொல்லிமலை அடிவாரம்

புளியமரத்தடியில் நிறுத்தியது தப்பு. மரம் மறைத்துவிட்டது. வயரை இழுத்துக்கொண்டு வெட்டவெளிக்குப் போனேன். ஒரு விரல்கடை அசைந்தாலும் படம் போய்விடுகிறது. "வந்துருச்சுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோது ஏழு பத்து. நான் வெளியிலேயே நின்றேன். டிவியில் மகள் மேட்டூர் அணை நீர்மட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 6, மேட்டூர்

இன்றைக்கு மூன்றே நிமிடத்தில் பிடித்துவிட்டேன்.

பிப்ரவரி 9

காற்றில் ஸ்டாண்டு சாய்ந்தது. செய்தி முடியும்வரை கையால் பிடித்துக்கொண்டே நின்றேன். ஜன்னல் வழியாக டிவி தெரிந்தது. முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள்.

பிப்ரவரி 17, பவானி

வேறு ஒரு பெண் வாசித்தாள்.

சேனல் மாறிவிட்டதோ என்று டிஷ்ஷைத் திருப்பினேன். மீட்டரைத் தட்டினேன். உள்ளே ஓடி ரிமோட்டை அமுக்கினேன். பூவாத்தாள் பதறாமல் படுத்திருந்தாள். புள்ளைக்கு என்ன ஆச்சு? வேலை போயிருச்சா? உடம்பு கிடம்பு — கேட்கவும் வாய் வரவில்லை. நான் போட்ட சட்டம்தானே.

கடைசியில் கேட்டுவிட்டேன். "அகல்யா எங்க?"

"லீவுங்க. ஏழாம் மாசம். பேச்செடுக்கக் கூடாதுன்னீங்களே, அதான் சொல்லலீங்க."

ஏழு மாசம். ஊட்டுக்குள்ளயே எனக்கு மட்டுந் தெரியாது. நானெல்லாம் என்ன மனுசன்?

"நம்பர் குடு," என்றேன்.

"உங்க போன்லயே போட்டு வெச்சிருக்கறனுங்க. ரொம்ப நாளாச்சு."

பிப்ரவரி 18

காலையில் கூப்பிட்டேன். "அப்பா," என்றாள். "பிரசவத்துக்கு நம்மூட்டுக்குக் கூட்டிக்க வாரேன் சாமி," என்றேன். "அம்மாவையும் கூட்டீட்டு வாங்கப்பா," என்று சொல்லிவிட்டு அழுதாள்.

பிப்ரவரி 23, சென்னை

படுத்துக்கொண்டு வருவதென்றால் போகலாம் என்று அகல்யாவின் டாக்டர் சொல்லிவிட்டார். மதன் பைகளைத் தூக்கி உள்ளே வைத்தான் — வைத்தார் என்று எழுத வேண்டும். மாப்பிள்ளை. அடுத்த வாரம் திருச்செங்கோட்டுக்கு வருவதாகச் சொன்னார். "உங்க ஊடுங்க அது," என்றேன்.

கட்டிலில் அகல்யா. கீழே மெத்தை விரித்து அவள் அம்மா. இடுப்பு வலிக்கும் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

ஆத்தூர் தாண்டியதும் பின்னாலிருந்து, "அப்பா, வேகத்தடையில மெல்லப் போங்கப்பா," என்றாள்.

போர் லாரியை மலைப்பாதையில் ஏற்றியவன் நான். அங்கிருந்து முப்பதிலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன்.