உங்கள் முதுகுப் பக்கம் வெடித்த நட்சத்திரம்

அன்புள்ள காக்கா, என் கூடப்பிறந்த மூத்தவரே,

2004 டிசம்பர் 28, அதிகாலை மூன்றரை மணி. கடல் உங்களை அடித்துக் கொன்று இரண்டாம் இரவு. மருதமுனை மணலில் ஒரே குழிக்குள் உங்களையும் சேர்த்துப் பதினேழு பேர்.

அந்த நேரத்தில்தான் ஒரு நட்சத்திரத்தின் வெடிப்பு பூமியை அடித்தது. எக்ஸ் கதிர், காமாக் கதிர். இரவில் உங்கள் ரேடியோவுக்குத் தூரத்து ஸ்டேஷனைத் திருப்பி அனுப்புகிற மின்னேறிய காற்றுத் தட்டு வானத்தில் இருக்கிறதே, அதன் அடியைப் பல கிலோமீற்றர் கீழே அமுக்கியது. அப்போது நமக்கு யார் சொன்னார்கள்? கம்பஸில் படிக்கும்போதுதான் எனக்கே தெரியவந்தது.

மற்ற எக்ஸ் கதிர் நட்சத்திரங்களும் அந்தத் தட்டை அசைக்குமா என்று அளக்க, வீட்டு மேல்தளத்தில் ரேடியோ அலையைப் பிடிக்கும் செம்புக் கம்பிச் சுருள் கட்டினேன். 2009, நாட்டுச் சண்டை முடிந்த கிழமை அது. பட்டாசுச் சத்தத்துக்குள் துவக்கோடு ஆமிக்காரர் நாலு பேர் ஏறி வந்தார்கள். யாரோடு கதைக்கிறாய் என்றார்கள். இது கதைக்காது, கேட்க மட்டும்தான் செய்யும், இதுகூடத் தெரியாதா என்றேன். துவக்குப் பிடியால் வாயில் ஒன்று. பல் இரண்டு போனது. சுருளைச் சப்பாத்தால் மிதித்து முறித்தார்கள்.

"படிச்ச வாய். மூடத்தான் தெரியா" என்று உம்மா இரத்தத்தைத் துடைத்தா. கம்பி என்னத்துக்கு என்று கேட்டா. அந்த இரவைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

"அப்ப, மண்ணுக்குள்ள கிடந்த என்ட புள்ளையையும் அது சுட்டிச்சா?"

இல்லை என்றேன். நட்சத்திரம் அப்போது கிழக்கே, கடலுக்கும் கீழே, பூமியின் மறுபக்கம். நம் பக்கம் ஒரு கதிரும் வரவில்லை. முழுப் பூமியும் குறுக்கே கிடந்தது.

"முகம்?"

இவ்வளவு வருசமும் இதைத்தான் கேட்க முடியாமல் இருந்திருக்கிறா. பெக்கோ இயந்திரம் மண்ணைத் தள்ளத் தொடங்கிவிட்டது, நான் குழிக்குள் குதித்து உங்கள் தோளைப் பிடித்திழுத்துத் திருப்பினேன் என்றேன். மையித்தைக் கிடத்த வேண்டிய முறைப்படி, வலப்பக்கமாக. முகம் மக்கா இருக்கும் பக்கம், கிப்லாவுக்கு; முதுகு கடலுக்கு.

மற்றவர்களைத் திருப்ப விடவில்லை காக்கா. புதைக்க நின்றவர்கள் என்னை இழுத்து வெளியே எறிந்தார்கள்.

இனிச் செய்யப்போவது:

1. புதுச் சுருள் சுற்றுவேன்.
2. இந்த முறை கம்பஸில் அனுமதிக் கடிதம் வாங்கி வைத்து, அதை நீட்டுவேன். வாயைத் திறக்க மாட்டேன்.
3. மற்றப் பதினாறு வீட்டுக்கும் போவேன். எந்த உம்மா கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன்: நட்சத்திரம் தொடவில்லை. முகம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.

உங்களைத் திருப்பிப் படுக்கவைத்த
தம்பி