உப்புத் தண்ணீர் ஆகாத பிள்ளை

என் பிரியமான அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடி ஐந்து வருஷம் ஆகிறது. இந்த வருஷம் சாரல் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. தென்காசியில் துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை.

முதலில் நல்ல சேதி. எனக்கு மதராஸ் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர் வேலை கிடைத்திருக்கிறது. தபால்காரர் ஆர்டரைக் கொண்டுவந்தபோது மனுதாரர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைத்தான் சொல்கிறேன். போன மாதம் அவருடைய பீரோவைத் துடைக்கும்போது உங்கள் கேஸ் கட்டு கையில் கிடைத்தது. அதைப் படித்ததிலிருந்து அவரை வேறு பெயரில் நினைக்க வரவில்லை. அதில் நீ எதிர்மனுதாரர். நான் எல்லாப் பக்கத்திலும் 'மனுதாரரின் மகள்'. ஒரு வரியில்கூட உன் மகள் இல்லை.

ஆர்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "பட்டணத்து உப்புத் தண்ணி உனக்கு ஆகாதுட்டி. அங்கன போயி உடம்பக் கெடுத்துக்காத."

பதின்மூன்று வருஷத்துக்கு முன் கோர்ட்டில் சொன்ன அதே பொய். புதிதாக ஒன்று யோசிக்கக்கூடத் துப்பில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சம்மதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

அவர் இன்னொருத்தியைக் கூட்டி வந்த பிறகு, நம் ஆட்கள் வழக்கப்படி நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து உங்கள் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். பெண்பிள்ளைதானே, தாயோடு போகட்டும் என்றார் இந்த மனுஷன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் நான் எந்த வகுப்பில் படிக்கிறேன் என்றுகூட அவருக்குத் தெரியாது. உனக்கு மதராஸில் தையல் டீச்சர் வேலை கிடைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நீ சொன்னதும்தான் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. தான் தீர்த்துவிட்ட பெண் சொந்தக் காலில் நின்று ஊரைவிட்டுப் போகிறாளே என்கிற வயிற்றெரிச்சல் அது. அதைப் பாசம் என்று எழுதித் தர ஒரு வக்கீலும் வாய்த்தார்.

மனுவில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டுமே! பிள்ளை குற்றாலச் சாரலில் வளர்ந்ததாம். அருவியில் குளித்தால்தான் அதன் மூச்சிரைப்பு அடங்குமாம். மதராஸ் வெக்கையும் உப்புத் தண்ணீரும் அதன் உயிருக்கே ஆபத்தாம். டாக்டர் சர்டிபிகேட் வேறு. எனக்கு என்றைக்கம்மா மூச்சிரைத்தது? அருவிப் பக்கம் ஒருநாளாவது இவர் என்னைக் கூட்டிப்போயிருக்கிறாரா?

ஆனால் ஜட்ஜ் நம்பினார். பிள்ளை தகப்பனிடம் இருக்க வேண்டியது, உடம்பைக் கருதி அருவிக்கு அனுப்ப வேண்டியது, சீசனில் தாய் வந்து பார்த்துக்கொள்ளலாம். உன் பள்ளிக்கூடத்துக்கு லீவு மே மாதம், சாரல் விழுவது ஜூனில். அத்தனை படித்தவர்கள் கூடியிருந்தும் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. வருஷா வருஷம் நீ கெஞ்சிக் கூத்தாடிப் பத்து நாள் லீவு வாங்கி வந்தாய்.

தன் பொய்யில் மனுதாரர் தானே மாட்டிக்கொண்டார் என்பதுதான் வேடிக்கை. நீ கோர்ட்டுக் காகிதத்தோடு வாசலில் வந்து நிற்பாய். "பிள்ளையக் குளிக்க அனுப்புங்க" என்பாய். அனுப்பாமல் முடியுமா? பெரிய அருவியில் பெண்கள் பக்கம் அவர் கால் வைக்க முடியாது. அதனால் அத்தையைக் காவலுக்கு அனுப்பினார். அத்தையோ பாறையைத் தாண்டமாட்டாள். "எனக்குத் தலை நனைஞ்சா மூணு நாளைக்கு எந்திரிக்க முடியாது. நீங்க குளிங்க, நான் இங்கனயே நிக்கேன்."

இவர் குடையும் துண்டுமாகப் பெண்கள் வெளியே வருகிற வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு போலீஸ்காரர் வந்து, "அண்ணாச்சி, பொம்பளையாளு குளிக்குத எடத்துல என்ன பார்வ? அங்கிட்டுப் போங்க" என்று விரட்டினார். நாம் இரண்டு பேரும் எப்படிச் சிரித்தோம்!

அருவிக்குள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. என் காதில் வாயை ஒட்டவைத்துத்தான் நீ ஒரு வருஷத்துப் பேச்சையும் பேசுவாய். இரண்டாவது வருஷம், கடைசி நாள், அப்படித்தான் கேட்டாய்.

"எங்கூட வந்துருதியாட்டி? இப்பிடியே ரயிலேறிப் போயிருவோம்."

நான் காதைக் கையால் குவித்து, "என்னது?" என்று கத்தினேன்.  அப்புறம் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, என் தலையைத் துவட்டக் கூட்டிப்போனாய். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை.

எனக்குக் கேட்டது, அம்மா. ஒரு சொல் விடாமல் கேட்டது.

முந்தின நாள்தான் அவர் சொல்லியிருந்தார். "ஏட்டி, உங்கம்மா உன்னக் கூட்டிட்டு ஓடுனான்னு வையி, அவளப் போலீசு பிடிச்சு ஜெயில்ல போட்டுரும், பாத்துக்க." ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லுகிற பேச்சா இது? நீ ஜெயிலுக்குப் போய்விடக் கூடாதென்று நான் செவிடானேன். நீ என்ன நினைத்துக்கொண்டாய்? பிள்ளைக்கு அப்பாவை விட்டு வர மனசில்லை என்றா? சாகிறவரைக்கும் அப்படித்தான் நினைத்தாயா?

காய்ச்சலில் நீ போன தந்தி வந்த அன்றைக்கும் அவர் சிநேகிதர்களோடு அருவிக்குப் போனார். உன்னை உன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள்தான் எடுத்துப் போட்டார்கள்.

அன்றைக்குக் கூட்டி வந்தவளும் இப்போது அவரை விட்டுப் போய்விட்டாள். எண்ணெய் காய்ச்சித் தர ஆள் வேண்டும், அதற்குத்தான் இந்த உப்புத் தண்ணீர்க் கவலை எல்லாம். நேற்று அத்தையைத் தூது அனுப்பினார். எனக்கு இருபத்தொரு வயது முடிந்துவிட்டது, இனி எந்தக் கோர்ட்டுக்கும் என்னைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதராஸ் வண்டியில் ஏறுகிறேன். இறங்கியதும் அந்த உப்புத் தண்ணீரில் தலைக்குக் குளிப்பேன். உன் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போய், நான் யார் என்று அந்த டீச்சர்களிடம் சொல்லுவேன். இனிமேல் காதில் விழுந்ததை விழாத மாதிரி இருக்கமாட்டேன். இதெல்லாம் சத்தியம்.

அன்றைக்கு நீ கேட்டதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பதில் சொல்லுகிறேன். வாரேம்மா.

இப்படிக்கு,
எதிர்மனுதாரரின் மகள்
செண்பகம்