கோகிலா லிப்-சியை நீக்கிய வாரம்

8.3.99, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. கேஸ் புக் செய்ய மறந்தேன். கடைவாய்ப் பல்வலி. கிராம்பு.

காலேஜ் லேபில் பெரிய களேபரம். என் டிபார்ட்மெண்ட் லெக்சரர் கோகிலா, லினக்ஸ் சர்வரில் வேண்டாத பேக்கேஜ்களைக் களைந்துகொண்டிருந்தாள். பழைய லிப்-சி என்று நினைத்து, நடப்பில் இருந்த லிப்-சியையே நீக்கிவிட்டாள். மற்ற எல்லாப் புரோகிராமும் அந்த அடிப்படை லைப்ரரியை நம்பித்தான் ஓடும். அப்புறம் எந்தக் கட்டளையும் எடுபடவில்லை. ஃபைனல் இயர் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் மொத்தமும் அதற்குள். வெள்ளிக்கிழமை வைவா. வேறு காப்பி கிடையாது.

நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"யாரும் ஆஃப் பண்ணிராதீங்க. அணைச்சா மறுக்கா கெளம்பாது."

கட்டளை அடிக்க முன்பே திறந்திருந்த ஷெல் திரை மட்டும் உயிரோடு. அதற்குள்ளேயே இருக்கும் 'எக்கோ' கட்டளை மட்டும் வேலை செய்தது. அதை வைத்தே ஃபோல்டர் பெயர்களை வரவழைத்தாள். பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. பைல்கள் பத்திரம். ஆனால் வெளியே எடுக்க வழியில்லை.

ஹெச்.ஓ.டி. அவளைத் தனியே கூப்பிட்டார். நானும் பக்கத்தில்.

"எதுக்குங்க வம்பு? கரண்ட் போனதுல ரிப்பேர்னு சொல்லிப்போடலாம்."

"இல்லீங்க சார். நாந்தான் எடுத்துப்போட்டேன். அதையே சொல்லிப்போடறேனுங்க."

நேரே வகுப்புக்குப் போனாள். தான் அடித்த கட்டளையைப் போர்டில் அப்படியே எழுதினாள். எங்கே தவறினாள் என்று கோடு போட்டுக் காட்டினாள். ஒரு பெண் எழுந்து, "என்ர ப்ராஜெக்ட் போச்சுங்களா மேடம்?" குரல் உடைந்துவிட்டது.

"போகலீங்க கண்ணு. கொண்டாந்து தாரேன். நாளைக்கு வந்து பாரு."

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. எனக்கு வராது.

9.3.99, செவ்வாய்

லினக்ஸ் சிடி அவளுடைய சிநேகிதியிடம், பெருந்துறையில். விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். அவள் வகுப்புகளை நான் எடுத்தேன். பிள்ளைகள் கவனிக்கவே இல்லை, கண்ணெல்லாம் வாசலில்.

மதியம் வந்தாள். புழுதி, வேர்வை. தண்ணீர் குடித்தாள், சாப்பிடவில்லை. வேறு மெஷினில், சிடியிலிருந்து மீட்பு ஃப்ளாப்பி தயாரித்தாள்; அதை வைத்துத்தான் சர்வரைக் கிளப்ப வேண்டும். முதல் ஃப்ளாப்பி கெட்டது. இரண்டாவது சரி.

இனி மெஷினை அணைத்தே ஆக வேண்டும். பைல்கள் இருப்பதாகக் காட்டியதும் அந்தத் திரை ஒன்றுதான். அதுவும் போய்விடும். பின்னால் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு.

"அணைக்கட்டுங்களா?" எங்களைப் பார்த்துக் கேட்டாள். அணைத்தாள்.

ஃப்ளாப்பி கரகரவென்று ஓடியது. ஒவ்வொரு கட்டளையையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் எண்டரைத் தட்டினாள். ஹார்ட் டிஸ்க்கை இணைத்தாள். சிடியிலிருந்து லிப்-சியை அதில் திரும்ப ஏற்றினாள். ஃப்ளாப்பியை உருவி, மறுபடி ஆன்.

லாகின் கேட்டது!

அந்தப் பெண் தன் ப்ராஜெக்டைத் திறந்து கடைசி வரி வரைக்கும் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள். ஹெச்.ஓ.டி. எல்லோருக்கும் டீ சொன்னார். கோகிலா அப்போதுதான் டிபன் டப்பாவைத் திறந்தாள். தயிர்சாதம் புளித்திருந்தது, அதையே தின்றாள்.

பல்வலியை மறந்தே போயிருந்தேன்.

12.3.99, வெள்ளி

வைவா முடிந்தது. எல்லோரும் பாஸ். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினருக்கு இட்லி சரியில்லையாம், அது ஒன்றுதான் புகார். கேஸ் வந்துவிட்டது.

13.3.99, சனி

அரை நாள் லேப். உதவாமல் ஓரமாகக் கிடந்த மெஷினில் கோகிலா லினக்ஸ் ஏற்றி வைத்திருக்கிறாள். அதிலிருந்து லிப்-சியை ஒவ்வொருவரும் தன் கையாலேயே நீக்க வேண்டுமாம், தன் கையாலேயே மீட்க வேண்டுமாம். "பயம் உட்டுப்போகோணுமில்ல." பிள்ளைகள் க்யூவில். ஹெச்.ஓ.டி.யும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, நீங்களும் வாங்க," என்று என்னையும் இழுத்து உட்கார வைத்தாள். நீக்கும் கட்டளையை அடித்தேன். வாய்விட்டுப் படித்தேன். எண்டர் மேல் விரல். தட்டிவிட்டேன்.