தவராசா குனியப்போற வாசல்

பாலையூற்றில இருக்கிற என்ர அன்னத்துக்கு,

முழங்கால் நோ எப்பிடி? நான் கனடாவில சுகம். எங்கட மகன் றமேஸ் குடும்பமாச் சேந்து மரக்குத்தியளை அடுக்கி வீடு கட்டுறான். பட்டை உரிக்கிறது நான். கத்தி வழுக்கி விரல் கொஞ்சம் கிழிஞ்சது, பயப்பிடாதையும்.

உம்மட அண்ணன் தவராசா ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு நிலை வைக்கேக்க, "மச்சான், உன்ர கை ராசியில்லை, தள்ளி நில்" எண்டு சனத்துக்கு முன்னால சொன்னது ஞாபகமே? இஞ்ச வாசல் நிலை வச்சது நான்தான். அஞ்சடிக்காரன் என்ர உயரத்துக்கு அளவா வச்சனான். வாற மாசம் அந்த ஆறடி மனுசன் வரேக்க, நான் உள்ளுக்குக் கதிரையில இருப்பன். எனக்குத் தலை குனிஞ்சுதான் வரவேணும்!

அவரிட்டக் கொஞ்சம் கருவாடு குடுத்துவிடும். றமேஸ் கூப்பிடுறான், போறன்.

நீரும் அண்ணன்ர உயரம்தான். வாறதெண்டாச் சொல்லும், நிலையைக் கழட்டி உயத்தி வைக்கிறன்.

காசிநாதர்