ஆண்டவர் பங்குப் பிடியரிசி

டிசம்பர் 4, வியாழன்

மழை. நேற்றும் மழை, முந்தாநாளும் மழை. மடுல்சீமை மலைக்கு வேறு வேலை இல்லை. ஜெபவீட்டுத் தகரத்தில் இரண்டு ஒழுக்கு. ஒன்றின் கீழ் வாளி, மற்றதன் கீழ் என் நாற்காலி. நாற்காலியை நகர்த்த வேண்டும்.

பசறைப் பக்கம் மலை சரிந்து ரோடு போய்விட்டதாம். தபால்காரன் பாதி வழியில் திரும்பி வந்து சொன்னான். பதுளையில் புறப்பட்ட அரிசி வண்டி எங்கே நிற்கிறது என்பது வண்டிமாட்டுக்குத்தான் தெரியும். தோட்டத்துத் துரை பல் பிடுங்கப் பதுளைக்குப் போனவர். அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். பல்லும் போயிற்று, ரோடும் போயிற்று.

தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் கடைசி மூட்டையையும் உதறியாயிற்று. பெரிய கங்காணி (மை மிச்சம் பிடிக்க, இனி பெ.க.) கூலி வீட்டு வரிசைகளுக்கு லயம் லயமாகப் போய்ச் சொன்னார்: நாளை காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு இல்லை, வேலை இல்லை, இளவட்டங்கள் எல்லாம் காட்டுப் பாதையில் பசறைக்கு நடந்து தலைச்சுமையாக அரிசி கொண்டுவர வேண்டும். நடுவில் ஆறு. நம் சபையிலிருந்து யாக்கோபு போகிறான். அவன் மனைவி சலோமி பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை.

என்னை யாரும் கூப்பிடவில்லை. "உபதேசியாரைக் கூட்டிட்டுப் போனா அவரைத் தூக்க நாலு பேரு வேணும். அப்புறம் அரிசியை யாரு தூக்குறது?" என்றார் பெ.க. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வயிறு எனக்குப் பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

விடிந்ததும் போனார்கள். வழியனுப்ப ஜெபம் செய்தேன். செங்கடலைப் பிளந்தவரே என்று தொடங்கி இன்னும் நடுக்கடலில்தான் இருந்தேன். யாக்கோபு கண்ணைத் திறந்து, "ஐயா, சுருக்கா முடிங்க, ஆறு ஏறுது," என்றான். ஆமென்.

வீட்டில் உள்ளவை: பலாக்கொட்டை, உப்பு, மிளகாய் வற்றல் கொஞ்சம், கருவாட்டு வால் ஒன்று. தேயிலை மட்டும் உலகத்துக்கே கொடுக்கலாம். அரிசி இல்லை. நேற்று இருந்தது. ரத்தினம் (என் வீட்டுக்காரி, இனி ர.) பானையைத் துடைத்து எல்லாவற்றையும் சலோமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

"கொஞ்சம் வச்சிருக்கலாமே."

"நாளைக்காகக் கவலைப்படாதீங்கன்னு போன ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணுனது யாரு?"

"அது சபைக்குச் சொன்னது."

"அப்ப நான் சபையில இல்லையா?"

பிரசங்கம் பண்ணுகிறவன் காது மந்தமான பெண்ணாகப் பார்த்துக் கட்ட வேண்டும்.

எங்கள் வீடு லயத்தின் கடைசிக் காம்பரா, ஒரே அறை; அடுத்தது சலோமியுடையது. நடுவில் ஒரே சுவர். பிள்ளை அழுதால் என் காதுக்குள் அழுவது போல இருக்கும். பெண் பிள்ளை. நல்ல குரல். தூக்கம் போகிறது என்று நேற்றுவரை முணுமுணுத்தேன்.

ஜெபவீட்டு மூலையில் பிடியரிசிப் பெட்டி. நம் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவர் பங்கு என்று கலயத்தில் எடுத்துவைத்து, ஞாயிறு தோறும் இந்தப் பெட்டியில் கொட்டுவார்கள். பண்டிகைக்கு முன் பதுளைக் கோயிலுக்குப் போகும். இப்போது முக்கால் பெட்டி இருக்கிறது. அந்த மூலையைப் பார்க்காமல் நடக்கப் பழகுகிறேன். நாற்காலியில் முட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 6, சனி

மழையோடு மூடுபனியும். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆறு ஏறியிருப்பதாக மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள், போய்ப் பார்த்தவர் போல.

நேற்றுப் பூட்ட முடியாமல் இருந்த கோட்டுப் பொத்தானை இன்று பூட்ட முடிந்தது. இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் மெலிவு.

பெ.க. வந்து உட்கார்ந்தார். அவர் மாடு சினை, கறவை இல்லை; இருந்தால் பிள்ளைக்காவது கொடுத்திருப்பார். பாலில்லாத வெறுஞ்சாயத் தேநீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே பெட்டியைப் பார்த்தார்.

"உபதேசியாரே, உங்க சாமி வீட்டுல அரிசி இருக்கு, பூசாரி வீட்டுல பட்டினி. இது என்ன ஞாயம்?"

"அது காணிக்கை."

"எங்க மாரியாத்தாளுக்கும்தான் பொங்க வைக்கிறோம். அவளுக்கு ஒருதரம் காட்டிட்டு நாங்கதான் திங்கிறோம். அவ ஒரு நாளும் கோவிச்சுக்கிட்டதில்ல. உங்க ஆளு கொஞ்சம் கறாரோ?"

அவர் கோப்பையை வாங்கி இன்னும் கொஞ்சம் சாயம் ஊற்றினேன்.  

பிற்பகல், பிள்ளையின் அழுகை மெலிந்து, பூனைக்குட்டி போல. ர. போய்ப் பார்த்து வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சலோமிக்குப் பால் வற்றுகிறது. நாம் கொடுத்த அரிசி தீர்ந்துவிட்டது. பலாக்கொட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள்.

"பெட்டியத் திறங்க," என்றாள் ர.

காலையிலிருந்து நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவள் முதலில் சொன்னதில் ஒரு நிம்மதி. நாளைக்குப் பாதிரி ஐயர் பதுளையிலிருந்து வந்து கேட்டால், 'அவள்தான் தந்தாள்' என்று ஏதேனில் முதல் மனிதன் சொன்ன அதே சாக்கு என்னிடமும் இருக்கும்.

திறந்தோம். ர. கஞ்சி வைத்தாள். கொண்டுபோனோம். சலோமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது ஆண்டவரு பங்கு ஐயா."

"அவர்தான் உனக்குத் தருகிறார், அம்மா."

"முந்தின ரெண்டு புள்ளையும் மேல் மலையில கெடக்கு. இது தங்கணும்னுதான் ஒவ்வொரு உலைக்கும் ரெண்டு பிடி எடுத்து வச்சேன். குடுத்ததத் திரும்ப வாங்கித் தின்னா, அவரும் குடுத்ததத் திரும்ப எடுத்துக்குவாரு."

"அப்படி எங்கேயும் எழுதியில்லை."

"நீங்கதானய்யா விழுந்து காட்டுனீங்க."

அங்கேதான் அடி. ஆகஸ்டில் பெட்டிக்குள் எலிதான் குடியிருந்தது. காணிக்கையில் கொஞ்சத்தை ஒளித்துவைத்துப் பொய் சொன்னவன் விழுந்து செத்த கதையை அன்று பிரசங்கித்தேன். பிரசங்கித்தேனா, ஆடினேன். நெஞ்சைப் பிடித்தேன், கண்ணைச் செருகினேன், மேடையிலிருந்து வெட்டிய மரம் போல விழுந்தேன். தூசி கிளம்பியது. பிள்ளைகள் மறுபடி விழச் சொன்னார்கள். விழுந்தேன். அடுத்த வாரமே பெட்டி நிறையத் தொடங்கியது. ஐயரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

சபையின் மற்றப் பெண்களிடம் கஞ்சியைக் கொண்டுபோனாள் ர. ஒருத்தியும் தொடவில்லை. வீட்டிலே குழந்தைகள் சட்டியை நக்கிக்கொண்டிருக்கின்றன, தாய்மார் "ஆண்டவரு அரிசிங்கம்மா" என்று கதவைச் சாத்துகிறார்கள். என் பிரசங்கம் யார் மனசிலும் நிற்பதில்லை என்று இத்தனை வருஷம் குறைப்பட்டேன்.

கஞ்சி ஆறிப்போயிற்று. நானும் தொடவில்லை. பக்தி இல்லை. பயம்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் அந்தப் பக்கம் அழுகை இல்லை. சுவரில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. ர. ஓடிப்போய் வந்து, "மூச்சு இருக்கு. அழத்தான் தெம்பில்ல," என்றாள்.

ஆராதனையை ஜெபவீட்டில் வைக்கவில்லை. சலோமி வர முடியாது. அவளுக்கு வேண்டியது அவள் வாசலுக்கு வரட்டும். லயத்து இஸ்தோப்பில், முன் வராந்தாவில், அவள் கதவுக்கு நேரே நின்றேன். வேலை இல்லாததால் தோட்டமே வந்துவிட்டது. நம் சபை, மாரியம்மன் கோயில் ஆட்கள், பெ.க., இரண்டு நாய். பாட்டு எடுபடவில்லை. வெறும் வயிற்றில் யார் பாடுவது?

பசித்த ராஜா ஒருவர் கோயில் அப்பத்தைத் தின்ற இடத்தை வாசித்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

உள்ளேயிருந்து சலோமி: "அவரு ராஜாங்க ஐயா. நான் கொழுந்து பறிக்கிறவ."



அதற்கு மேல் என்னிடம் வசனம் இல்லை. ர.விடம் கையை நீட்டினேன். காலையில் பெட்டி அரிசியில் வைத்த கஞ்சி. தட்டில் ஊற்றித் தந்தாள். "இது ஆண்டவர் பங்கு. நான் தின்னப் போகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்," என்றேன். ஒரு வாய். விழுங்கினேன்.

எல்லார் கண்ணும் என் முழங்காலில்.

விழுந்து காட்டுவது சுலபம். நின்று காட்டுவது அப்படி இல்லை. இரண்டு நாள் பட்டினி வயிற்றில் சுடுகஞ்சி போய் உட்கார்ந்ததும் கண் இருட்டியது. இஸ்தோப்புத் தூண் ஒருமுறை என் பக்கம் வந்துவிட்டுப் போயிற்று.  கோமாளிக்குத் தண்டனை இப்படித்தான் வரும்போல என்று உண்மையாகவே நினைத்தேன். இப்போது தூணைப் பிடித்தால் சலோமி இனி ஒருபோதும் தின்னமாட்டாள். பிடிக்காவிட்டால் விழுவேன். ஆண்டவரே, எனக்காக இல்லை, என்னைப் பிறகு ஒரு நாள் நிதானமாகத் தள்ளிக்கொள்ளும், இன்று மட்டும் நிற்க வையும். என் ஜெபங்களிலேயே குட்டையானது.

ஒரு பொடியன்: "இப்ப விழுவாரா?"

அவன் தாய்: "சும்மா இருடா."

 அப்போது ர. வந்து என் தோளை ஒட்டி நின்றாள். அதே தட்டிலிருந்து ஒரு வாய் அள்ளித் தின்றாள். வெளியே பார்க்க, கணவனும் மனைவியும் சாப்பிடுகிறார்கள். உண்மையில், நான் விழாமல் முட்டுக்கொடுத்த சுவர் அவள்.

சலோமி கதவருகில் தவழ்ந்து வந்திருந்தாள். பிள்ளை மடியில், துணி பொம்மை போல.

"ஐயா, நெஞ்சுல ஏதாச்சும் செய்யுதா?"

"பசிக்குது, அம்மா."

"இன்னொரு வாய் தின்னுங்க."

தின்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். கணவன் ஆற்றுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தெரியாதவள். இரண்டு பிள்ளையைப் புதைத்தவள். அந்தப் பார்வைக்கு முன் நிற்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஆராயப்போவதில்லை.

"வச்ச கஞ்சி வேணாம். அரிசியாக் குடுங்கம்மா. நானே உலை வைக்கிறேன்," என்றாள் ர.விடம்.

சுளகில் கொண்டுவந்து கொடுத்தாள் ர. தண்ணீர் கொதித்ததும் சலோமி முதலில் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டாள். பிறகுதான் மீதியை உலையில் போட்டாள்.

"அடி, அது அவரு அரிசிதானே. அவருக்கே திரும்ப என்னத்துக்குப் பிடி?" என்றாள் ர.

"எனக்குன்னு குடுத்தப்புறம் என்னோடது ஆயிருச்சுல்லங்கம்மா. என்னோடதுல அவருக்கு."

நான் வேதாகமத்தை மூடிவிட்டேன். ஆராதனை முடிந்தது.

பிறகு மற்றப் பெண்கள் சட்டியோடு வந்தார்கள். கடைசியில் பெ.க. தொண்டையைச் செருமினார்.

"எங்க புள்ளைகளுக்கும் உண்டா, இல்ல ஞானஸ்நானம் எடுத்துட்டு வரணுமா?"

"வரிசையில் நின்றால் போதும்."

"உங்க ஆளும் கறார் இல்லன்னு தெரிஞ்சு போச்சு," என்று முணுமுணுத்துக்கொண்டே பிள்ளைகளை வரிசைப்படுத்தினார்.

டிசம்பர் 8, திங்கள்

மழை குறைந்திருக்கிறது. பெட்டியின் அடி தெரிகிறது. போனவர்கள் வரவில்லை.

ஐயருக்கு எழுத வேண்டும். "கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு, பிடியரிசியை நானே" என்று தொடங்கினேன். அடித்தேன். "எலிகள்" என்று தொடங்கினேன். ர. தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அதையும் அடித்தேன்.

சலோமி இரண்டு வேளை குடித்துவிட்டாள். பால் ஊறுகிறது என்கிறாள் ர. எனக்கு அந்த விஷயம் புரியாது, ஆனால் சுவரில் காது வைப்பதை நிறுத்த முடியவில்லை. உறிஞ்சும் சத்தம் கேட்டது போல இருந்தது. என் குடலாகவும் இருக்கலாம்.

மூடுபனியில் ஆட்கள் வழி தப்பக் கூடாது என்று பெ.க. பாதை முகப்பில் நின்று தப்பு மேளம் அடிக்கச் சொன்னார். பெரட்டுக்கு அடிக்கிற தப்பு. மனிதனை எழுப்பி விரட்டுகிற சத்தம். இன்று கெஞ்சுவது போலக் கேட்டது. பெண்கள் எல்லாம் இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். சலோமி நிற்கவில்லை, உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அவரு பாத்துக்குவாரு" என்றாளாம். குரல் நடுங்கியதாம்.

மாலை நான்கு மணி போல எதிர்மலையிலிருந்து கூவல். ஒன்று. பிறகு பல. எண்ணத் தைரியமில்லை. பெ.க. எண்ணினார். எண்ணி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார், மழைதான் என்றார். மழை அப்போது விட்டிருந்தது.

எல்லாரும் வந்துவிட்டார்கள். யாக்கோபு கடைசி ஆள், கால் வீங்கி, தலையில் மூட்டை. இறக்கக்கூட இல்லை.

"ஐயா, புள்ள?"

சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அதுவே சொன்னது, லயம் முழுக்கக் கேட்கும்படி.

டிசம்பர் 9, செவ்வாய்

வெயில். நாற்காலி காய்கிறது. கோட்டுப் பொத்தான் இன்னும் பூட்டுகிறது, ர. அதைக் கண்டுபிடித்து அதிகச் சோறு போடுகிறாள்.

பெட்டியில் உள்ளது: ஒரே ஒரு பிடி, சலோமி கலயத்திலிருந்து ர.விடம் கொடுத்தனுப்பியது. அதைத் தொடத்தான் எனக்குத் தைரியமில்லை.

ஐயருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை விடாமல் கத்துகிறாள். சுவரைத் தட்டிப் பார்த்தேன். இன்னும் பலமாகக் கத்துகிறாள். ஒரு வரி ஓடவில்லை.

கத்தட்டும்.