பிளாஸ்டிக் நாரைக்கு ஒரு ஜோடி

ஹேலிஃபாக்ஸ்,
பிப்ரவரி 12.

மாண்புமிகு கிளிஃபர்ட் அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஒத்துழைக்கவில்லை. நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஸ்பெயினில் வெயில் இலவசம் என்று அக்டோபரில் பெவர்லியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது நீங்கள்தானே சொன்னீர்கள்.

உங்கள் கடிதம் வந்தது. மூன்று பக்கம், மூன்றும் மீன். தோட்டத்துக் குளம் உறைந்ததா, உங்கள் செல்ல மீன் சீமாட்டி எப்படி இருக்கிறாள், நாரை வருகிறதா. இத்தனை வருஷம் உங்கள் காலுறைக்கு ஜோடி தேடியவள் உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு வரி கிடையாது. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் எறும்பு ஊர்ந்தது போல ஒரு கிறுக்கல்: பெவர்லி அவள் மகள் வீட்டுக்கே போய்விட்டாள், நான் திரும்பி வரலாமா? அந்தக் கேள்வியைக்கூட மீனுக்குப் பின்னால்தான் வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். அப்படியே ஆகட்டும். நானும் மீனை முதலில் முடித்துவிடுகிறேன்.

நாரை வருகிறது. கரையில் நீங்கள் நட்டு வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் நாரை இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் வருகிறது. "ஒரு நாரை நிக்கிற எடத்துக்கு இன்னொண்ணு வராது, எழுதி வச்சுக்குங்க" என்று மீன்குளம் வைத்திருப்போர் சங்கத்தில் நீங்கள் அடித்துச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். பெவர்லி முதல் வரிசையில் உட்கார்ந்து தட்டினாள். போன வாரம் காலையில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், நிஜ நாரை ஒன்று அதன் பக்கத்திலேயே நிற்கிறது. கழுத்தை நீட்டுகிறது, குனிகிறது, அலகில் ஒரு குச்சியைக் கொண்டுவந்து அதன் காலடியில் வைக்கிறது. ஜோடி சேரும் பருவமாம். உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு பொம்மையிடம் போய் இப்படி மயங்குவாளா ஒருத்தி என்று சிரித்தேன். பிறகு பெவர்லி ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றது.

காதலுக்கு நடுவில் அது பனி உருகிய ஓட்டை வழியாக இரண்டு சின்ன மீனைத் தின்றுவிட்டது. ஸ்ட்ராபெர்ரிப் பாத்தி வலையை எடுத்துக் குளத்தின் மேல் இழுத்துக் கட்டினேன். உங்கள் மாப்பிள்ளை நாரையைப் பிடுங்கிக் கொட்டகையில் போட்டேன். அன்றிலிருந்து ஒரு மீனும் போகவில்லை. இதைச் செய்யப் பத்து நிமிஷம் ஆனது. நீங்கள் இதைப் பற்றிப் பத்து வருஷம் சொற்பொழிவு செய்தீர்கள்.

பனி இந்த வருஷம் கடுமை. பக்கத்து வீட்டு ஆர்னால்ட், நீங்கள் போனபின் சங்கத் தலைவர் அவர்தான், சுத்தியலோடு வந்து நின்றார். "ஏம்மா மியூரியல், மீனுங்க மூச்சு முட்டிக் கெடக்கும். ஒரே போடு, ஐஸ் தெறிச்சிரும்" என்றார்.

"ஒரு வாளிய உன் தலையில கவுத்து, அது மேல இந்தச் சுத்தியலால ஒரே போடு போடட்டுமா ஆர்னால்ட்? அடியில கெடக்குற மீனுக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"கிளிஃபர்ட் இருந்தப்ப நீங்க இவ்வளவு பேச மாட்டீங்களே" என்று முனகிக்கொண்டே போய்விட்டார். உண்மைதான். நீங்கள் இருந்தபோது வேறு யாருக்கும் பேச வாய்ப்பே இருந்ததில்லை.

நான் ஜாம் காய்ச்சும் பாத்திரத்தில் வெந்நீர் நிரப்பி, பனிக்கட்டியின் மேல் பாத்திரத்தோடு வைத்துவிடுகிறேன். சத்தமில்லாமல் ஓட்டை விழுகிறது. தினமும் இதுதான் வேலை. பம்புக் குழாய் உறையாமல் இருக்க எதையாவது சுற்ற வேண்டியிருந்தது. உங்கள் நல்ல சாம்பல் கோட் அலமாரியில் சும்மாதான் தொங்கியது. இப்போது அது குழாயில் இருக்கிறது. உங்கள் மேல் இருந்ததைவிட அதன்மேல் எடுப்பாகத்தான் இருக்கிறது.

சீமாட்டி அடியில் அசையாமல் கிடக்கிறாள். பாவம், தினமும் ஒரு பிடி தீனி போடு என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. குளிர்த் தண்ணீரில் மீனுக்குச் செரிக்காது, இரக்கப்பட்டுப் போட்டால் வயிற்றுக்குள்ளேயே அழுகிச் சாகும் என்று மைக்கைப் பிடித்து முழங்கியவர் யார்? தண்ணீர் பத்து டிகிரி தாண்டும்வரை ஒரு பருக்கைகூடப் போடாதே என்று என் கையைத் தட்டிவிட்டவர் யார்? பிறகு இரண்டாம் முறை படித்தேன். பட்டினி கிடப்பது அவள் இல்லை என்று புரிந்தது.

இனி உங்கள் எறும்புக் கேள்வி. 'வா' என்று இப்போது எழுதினால் அது இரக்கத்தில் போட்ட தீனியாகத்தான் இருக்கும். உங்களுக்கும் செரிக்காது, எனக்கும் செரிக்காது. இந்த வீட்டில் தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது, கிளிஃபர்ட். நீங்கள் உறைய வைத்த தண்ணீர். சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிடாதீர்கள். ஆர்னால்டைத் தூதும் அனுப்பாதீர்கள்.

ஏப்ரல் கடைசியில் பனி விடும். அப்போது குழாயிலிருந்து அந்தக் கோட்டை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். துவைத்துவிடுவேன், அதில் சந்தேகமில்லை. பழைய துணியைத் தானமாக வாங்கிக்கொள்ளும் தர்மக் கடைக்குக் கொடுப்பதா, கதவுக்குப் பின்னால் உள்ள ஆணியில் மாட்டுவதா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

அங்கே வீடுகளில் ஹீட்டர் கிடையாது என்கிறார்கள். காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். கடவுள் உங்கள் நெஞ்சுச் சளியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இன்னும் சட்டப்படி உங்கள் மனைவி,
மியூரியல்