ஊற்றாத தண்ணீர்

2 நவம்பர் 1998, திங்கள்

மாடி வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா, கல்லறைத் திருநாள் பூசை முடிந்து நேரே என் சமையலறைக்கு வந்தாள். அவள் மகன் பிறந்த ஐந்தாம் நாளே இறந்துபோய் இரண்டு மாதமாகிறது. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை.

"வார்டுல சாகக் கிடக்கிற பிள்ளைங்களுக்கு நானே தண்ணி ஊத்தியிருக்கேன், ஆன்ட்டி. அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம். என் பிள்ளைக்குத்தான் கை வரல. ஊத்தினா அவன் போயிருவான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

ஸ்வெட்டர் போட்ட மூத்த மகள், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று இந்தியில் சொல்லி அவள் துப்பட்டாவை இழுத்தாள். "மம்மி, கர் சலோ, ஜல்தி!"

"இருடி. ஞானஸ்நானம் இல்லாமப் போனா மோட்சம் இல்லம்பாங்க. அவன் இப்ப எங்க இருப்பான், ஆன்ட்டி?"

"எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே, ஸ்டெல்லா."

"தெரியும். ஃபாதர் ஆறுதலுக்குச் சொல்லுவார். நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்க. அதான் உங்ககிட்ட கேக்கேன்."

தெரியாது என்றேன். தலையசைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அவன் நன்றாக இருப்பான் என்று யார் சொன்னாலும் நம்பாதவள், நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இனிமேல் போய்ச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.